பழைய மோட்டார் ஹோமின் ஏர் பிரேக்: முதல் செலவு எதற்கு?

தம்பி, நாமக்கல்லில் லாரி ஓட்டிவிட்டு இப்போது கனடாவின் பிராம்ப்டனுக்கு வந்திருக்கிறீர்கள். 1993 மாடல் டீசல் மோட்டார் ஹோம் (தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) ஒன்று மலிவாக வந்திருக்கிறது, ஏர் பிரேக் உங்களுக்குப் புதிதில்லை, வாங்கியவுடன் டிஸ்க் பிரேக்காக மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். டிஸ்க் இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு பங்கை வைத்தே இருக்கிற டிரம் பிரேக்கை நம்பி ஓட்டும் நிலைக்குக் கொண்டுவரலாம்.

ஊர் லாரி தினமும் ஓடும், அதன் பிரேக் ஓடித்தான் தேயும். இங்கே மோட்டார் ஹோம் அக்டோபரில் ஷெட்டுக்குள் போனால் மே மாதம்தான் வெளியே வரும். அதன் பிரேக் சும்மா நின்றே கெடுகிறது. காற்று டேங்கில் தங்கிய தண்ணீர் துருப்பிடிக்க வைக்கும், குளிரில் வால்வுக்குள் உறையும். ரப்பர் டயாஃப்ரம், ஹோஸ் எல்லாம் காய்ந்து வெடிக்கும். ஈரத்தோடு நிறுத்திய வண்டியில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு இதைச் செய்யுங்கள். இஞ்சினை ஓடவிட்டு காற்று ஏறுவதைக் கவனியுங்கள். ஊரில் எட்டு பார் என்று பழகிய கண்ணுக்கு இங்கே கேஜ் 120 பிஎஸ்ஐ என்று காட்டும், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போது 85-லிருந்து 100 பிஎஸ்ஐ ஏற 45 நொடிக்கு மேல் ஆகக் கூடாது. 120, 130 வாக்கில் காற்று அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கட் ஆகும், காற்றின் ஈரத்தை நீக்கும் டிரையர் 'புஸ்' என்று விடும். இப்போது இஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆன் செய்து, மஞ்சள் பார்க்கிங் குமிழை உள்ளே தள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. அடுத்து பெடலை முழுசாக மிதித்துப் பிடியுங்கள். முதலில் சட்டென்று இறங்குவதை விட்டுவிட்டு, அதன்பின் நிமிடத்துக்கு 3 பிஎஸ்ஐ வரை பரவாயில்லை. அப்புறம் பெடலை விட்டு விட்டு மிதித்துக் காற்றைக் குறையுங்கள். 60 பிஎஸ்ஐ அளவில் எச்சரிக்கை விளக்கோ சத்தமோ வர வேண்டும். 45-க்கும் 20-க்கும் நடுவில் மஞ்சள் குமிழ் தானாக வெளியே குதிக்க வேண்டும். குதிக்காத வண்டியை அன்று ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.

டேங்குகளின் டிரெயினையும் திறந்து பாருங்கள். கொஞ்சம் தண்ணீர் வந்தால் பயமில்லை. பால் கலந்த காப்பி நிறத்தில் குழகுழவென்று வந்தால் கம்ப்ரஸர் ஆயிலைத் தள்ளுகிறது, டிரையரும் செத்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஆயில் டிரையருக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகளை மூடிவிடும், போகப்போக வால்வு ரப்பரையும் ஊதவைக்கும். வாங்கியபின் உங்கள் முதல் செலவு இங்கேதான். டிரையர் கார்ட்ரிட்ஜ் எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றிவிடுங்கள், அதன்பின் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. ஆயிலையும் வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் கிடைக்கிறது, பழைய கம்ப்ரஸருக்கு அதுவே நல்லது. டிரையரின் அடியில் ஒரு சின்ன ஹீட்டர் இருக்கும். அது வேலை செய்யாவிட்டால் ஈரத்தை வெளியே விடும் பர்ஜ் வால்வு குளிரில் உறைந்துவிடும். ஆல்கஹால் ஊற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். டிரையர் உள்ள வண்டியில் அதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது ஸ்லாக் அட்ஜஸ்டர், அதாவது லைனிங் தேயத் தேய பிரேக்கின் இடைவெளியைச் சரிசெய்யும் கை. அமெரிக்காவில் 1994 அக்டோபர் 20-க்குப் பிறகு கட்டிய ஏர் பிரேக் வண்டிகளுக்கு, தானாகச் சரிசெய்துகொள்ளும் ஆட்டோ ஸ்லாக் கட்டாயமானது. லாரி, பஸ் வகைகளுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வந்தது 1998 மார்ச்சில். உங்கள் வண்டி 1993, ஆகவே கையால் முறுக்கும் மேனுவல் ஸ்லாக்காக இருக்கலாம், ஏ.பி.எஸ். பெரும்பாலும் இருக்காது. மேனுவலாக இருந்தால் ஆட்டோவுக்கு மாற்றுவதுதான் நான் முதலில் சொல்லும் அப்கிரேட். ஒரு ஆக்ஸிலில் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதற்கு முன், காற்று புகும் சேம்பரிலிருந்து ஸ்லாக்கைத் தள்ளும் புஷ் ராடு எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்து பாருங்கள். பார்க்கிங் பிரேக் விட்ட நிலையில் ராடு சேம்பரை விட்டு வெளியே வரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். காற்று 90, 100 பிஎஸ்ஐயில் இருக்க ஒருவர் பெடலை முழுசாக மிதிக்கட்டும், கோடு எவ்வளவு நகர்ந்தது என்று ஸ்கேலில் பாருங்கள். சாதாரண டைப் 30 அளவு சேம்பருக்கு 2 அங்குலம்தான் எல்லை, ராடு கூடுதல் தூரம் நகரும் லாங் ஸ்ட்ரோக் என்றால் 2½. ஆட்டோ ஸ்லாக் போட்ட வண்டியில் எல்லை தாண்டியிருந்தால் ஸ்பேனரால் முறுக்கிவிட்டுப் போகாதீர்கள். ஷூவை விரிக்கும் எஸ்-கேமின் புஷ், ராடை ஸ்லாக்கோடு இணைக்கும் கிளெவிஸ் பின், லைனிங் இவற்றில் ஏதோ தேய்ந்திருக்கிறது. அதைப் பிடிக்காமல் முறுக்கினால் சில நாளில் மறுபடி அதே கதைதான்.

சேம்பர் மாற்றும்போதே லாங் ஸ்ட்ரோக் போட்டுக்கொள்ளலாம். ஏ.பி.எஸ். பின்னால் பொருத்துவதும், டிஸ்க்குக்கு மாறுவதும் ஆக்ஸில் முனை வரை கைவைக்கும் வேலை, வண்டி வாங்கிய விலையையே தொட்டுவிடும். இஞ்சினில், புகை வெளியேறுவதை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இல்லையென்றால் அதற்குச் செலவழிக்கலாம். ராக்கி மலைப் பக்கம் போகும் எண்ணமிருந்தால் அது பெரிய துணை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிய உங்களுக்கு இறக்கத்தில் கியரைக் குறைப்பது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே ஆட்டோமேட்டிக் கியர் என்பதால் இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியரைத் தேர்ந்துகொள்ளுங்கள், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பின் சேம்பருக்குள் இருக்கும் பார்க்கிங் ஸ்பிரிங் ஆளைக் கொன்றுவிடும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கேஜிங் போல்ட் போட்டு அடக்காமல் அதில் கைவைக்கக் கூடாது, ஸ்பிரிங் இருக்கும் பக்கத்துக் கிளாம்பை எப்போதுமே பிரிக்கக் கூடாது. ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி காற்று போனால் அப்படியே கீழே உட்காரும். சேஸிஸுக்கு ஸ்டாண்ட் கொடுக்காமல் அடியில் படுக்காதீர்கள். அளப்பது, டிரெயின் திறப்பது, கிரீஸ் அடிப்பது நீங்கள் செய்யுங்கள். சேம்பர் வேலையை 310T லைசென்ஸ் உள்ள டிரக் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

லைசென்ஸ் விஷயமும் இருக்கிறது. ஊர் ஹெவி லைசென்ஸ் இங்கே அப்படியே மாறாது. நம் மாகாணமான ஒன்டாரியோவில் ஏர் பிரேக் உள்ள எந்த வண்டிக்கும், மோட்டார் ஹோமுக்கும்கூட, லைசென்ஸில் இஸட் (Z) என்ற ஏர் பிரேக் அனுமதி வேண்டும். எழுத்துத் தேர்வும் வண்டியில் செய்து காட்டும் தேர்வும் உண்டு. வண்டி எடை 11,000 கிலோவைத் தாண்டினால் சாதாரண கார் லைசென்ஸான ஜி (G) போதாது, டி (D) வகுப்பு தேவை. டீசல் மோட்டார் ஹோம்களில் அது சுலபமாகத் தாண்டிவிடும். ஓட்டுநர் இருக்கைப் பக்கத்துத் தகட்டில் எடையைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

பார்க்கப் போகும் நாளைச் சொல்லுங்கள், நானும் வருகிறேன். விற்பவரிடம் இஞ்சினை முன்கூட்டியே ஓடவிட்டுக் காற்று ஏற்றி வைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். காலி டேங்கிலிருந்து காற்று ஏறுவதை நாம் பார்க்க வேண்டும்.