13 வாரம், நஞ்சுக்கொடி ரத்த ஓட்டம் குறைவு: ஆஸ்பிரின் போடலாமா?

13வது வார டாப்ளர் ஸ்கேனில் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) கர்ப்பப்பை ரத்தக்குழாயில் தடை அதிகம் என்று வந்ததாகவும், டாக்டர் தந்த ஆஸ்பிரினை மாமியார் "ரத்தம் போகும்" என்று தடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள், சகோதரி. மாமியாரின் பயம் புரிகிறது. ஆனால் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இந்த வாரத்தில் வரும் ரிப்போர்ட் ஆபத்து இருக்கலாம் என்ற எச்சரிக்கைதான். நஞ்சுக்கொடி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அந்தக் குழாய்கள் விரிந்துகொடுக்கும் வேலை இன்னும் முடியவில்லை. ஆஸ்பிரினை 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். 2017இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முன் வரும் ப்ரீஎக்ளாம்ப்சியா (கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறி தாயையும் குழந்தையையும் பாதிக்கும் நோய்) 62 சதவீதம் குறைந்தது. வழக்கமாக 36வது வாரத்தில் நிறுத்திவிடுவார்கள். உங்களுக்கு அல்சர், ஆஸ்துமா, ஏற்கெனவே ரத்தக்கசிவு இருந்தால் மட்டும் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

அப்புறம், முழு நேரமும் படுத்தே கிடப்பது. அதனால் குழந்தைக்கு ரத்த ஓட்டம் கூடும் என்பதற்கு ஆதாரமில்லை. காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். வீட்டு வேலை, மெதுவான நடை எல்லாம் சரி, டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை. குங்குமப்பூ, மாதுளை சாப்பிடுங்கள், ஆனால் அவை மருந்தல்ல.

பிரஷரை அடிக்கடி பாருங்கள். 28 வாரத்திலிருந்து வளர்ச்சி ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். ரத்தக்கசிவு, விடாத தலைவலி, கண்ணில் மின்னல், மேல்வயிற்று வலி, பின்னாளில் அசைவு குறைவது: இதில் எது வந்தாலும், இரவானாலும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.