சின்ன வயதில் வீட்டில் பட்டது பெரியவனான பிறகும் விடாதா? அக்கம்பக்கத்தார் ஏதாவது செய்ய முடியுமா?

முதல் கேள்விக்குப் பதில், சீக்கிரத்தில் விடாது. இரண்டாவதற்கு, முடியும். நான் டாக்டர் இல்லை, துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் வேலை பார்ப்பவன். வயது 46. இந்த விஷயத்தில் என் அனுபவமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு ராத்திரி, குடும்பமாக டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது பதினோரு வயதான என் மகள் சட்டென்று கேட்டாள்: "அப்பா, கீழ யாராவது வண்டிய ஸ்டாண்டு போட்டா நீ ஏன் சவுண்டக் குறைக்கிற?"

நான் எங்கே குறைத்தேன் என்றேன். ரிமோட் என் கையில்தான் இருந்தது. "எப்பவுமே பண்ற" என்றாள். மனைவியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணமாகி பதினாலு வருடமாக அவளுக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

எண்பதுகளில் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒண்டுக் குடித்தனம். ஏழு குடும்பம், நடுவில் முற்றம், ஒரு அடிபம்பு. அப்பாவிடம் ஒரு டிவிஎஸ் 50 இருந்தது. வாசலில் அவர் ஸ்டாண்டு போடும் சத்தத்தை வைத்தே அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று சொல்லிவிடுவோம். ஒரே இழுப்பில் 'டக்' என்று ஏறினால் நிதானத்தில் இருக்கிறார், சோறு போடலாம். இரண்டு மூன்று தடவை வழுக்கி, இரும்பு கல்லில் உரசினால் குடித்திருக்கிறார். ஸ்டாண்டே போடாமல் வண்டியைச் சுவரில் சாய்த்தால் அதுதான் மோசம். அம்மா அரிவாள்மனையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவாள். அக்கா தூங்குவதுபோல் படுத்துக்கொள்வாள். ரேடியோவின் திருகைத் திருப்பிச் சத்தத்தைக் குறைப்பது என் வேலை. ஏனென்றால் சண்டைக்கு முதல் சாக்கு ரேடியோதான்.

அப்பா குடியை விட்டு இருபது வருடம் ஆகிறது. அந்த வண்டி எந்தக் காயலான் கடையில் கிடக்கிறதோ. ஆனால் என் கை இன்னும் திருகைத் திருப்பிக்கொண்டிருக்கிறது.

இது ஏன் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மூளையில் அமிக்டலா என்று பாதாம்பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்து என்றால் மணியடிப்பது அதன் வேலை. மணி அடித்ததும் அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரக்கும், இதயம் படபடக்கும், ஆபத்து போனதும் அடங்கும். ஒரு நாள் நாய் துரத்தினால் இது நல்லதுதான். தினமும் வீட்டுக்குள்ளேயே நாய் துரத்தினால், அணைத்துத் தேற்றவும் ஆள் இல்லாவிட்டால், அந்த மணி அடங்கவே கற்றுக்கொள்ளாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பொங்கிவிடுமோ என்று பார்த்துக்கொண்டே நிற்பவரால் வேறு வேலை செய்ய முடியுமா? அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு வகுப்பில் கணக்கு ஏறாது. திட்டமிடுவதற்கும் நிதானிப்பதற்கும் உள்ள நெற்றிப்பக்க மூளை, பால் பார்ப்பதிலேயே தேய்ந்துபோகிறது. எனக்கு வாய்ப்பாடு ஏறவில்லை என்று பள்ளிக்கூடத்திலும் அடி விழுந்தது தனிக்கதை.

இதை எண்ணிக்கையில் காட்டியவர்கள் இரண்டு பேர். அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற டாக்டர் 1980களில் எடை குறைப்பு கிளினிக் நடத்தினார். அங்கே ஒரு விசித்திரம். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். உட்காரவைத்துப் பேசிப் பார்த்தால், அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள். உடம்பு பெருத்திருந்தால் யாரும் நெருங்கமாட்டார்கள் என்பது சிலருக்கு ஒரு காவல். நாம் நோய் என்று பார்த்தது அவர்களுக்குக் கவசமாக இருந்திருக்கிறது. பிறகு ராபர்ட் ஆண்டா என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 1995 முதல் 1997 வரை 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயதுக் கசப்புகளைக் கேட்டுப் பதிவு செய்தார். அடி, வீட்டில் குடிகாரர், அம்மா அடிவாங்குவதைப் பார்த்தது என்று ஒரு பட்டியல். அதில் நான்கோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்குக் குடிநோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி போன்றவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு என்று 1998இல் வந்த அவர்கள் கட்டுரை சொன்னது. இதயநோய் வரைக்கும் தொடர்பு தெரிந்தது. பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் வேலையும் மருத்துவக் காப்பீடும் உள்ள நடுத்தர வர்க்கத்தினர். இதெல்லாம் குடிசைப் பகுதிச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பட்டியலைத் தேடிப் பிடித்துத் தங்களுக்கு எத்தனை மார்க் என்று கணக்குப் போட்டுப் பயப்படுகிறவர்கள் நிறைய. நானும் போட்டேன், ஐந்து. ஒரு வாரம் தூக்கமில்லை. அப்புறம்தான் 2020இல் அதே ஆண்டா, அந்த மதிப்பெண் பெரிய மக்கள் கூட்டத்தின் நிலையைப் பார்க்கத்தானே தவிர தனி ஒருவரின் தலைவிதியைக் கணிக்க இல்லை என்று எழுதியதைப் படித்தேன். ஆகவே மார்க் போடாதீர்கள்.

"அந்தக் காலத்துல அடி வாங்காதவன் யாரு, நாங்கல்லாம் நல்லா இல்லையா?" என்று இதைப் படிப்பவர்களிலேயே சிலர் கேட்பார்கள். மத்திய மகளிர் குழந்தைகள் நல அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டதில், மூன்றில் இரண்டு பேர் அடிவாங்கியிருந்தார்கள். வீட்டுக்குள் அடித்தவர்களில் பெரும்பாலோர் பெற்றோர். எல்லாரும் வாங்கினோம் என்பது சரிதான். எல்லாரும் நன்றாக இருக்கிறோம் என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். எனக்குப் பத்து வருடம் வயிற்றுவலி. எண்டோஸ்கோப்பி செய்தும் ஒன்றும் இல்லை என்றார்கள். 'கேஸ் ட்ரபிள்' என்றே ஓட்டினேன்.

சரி, அக்கம்பக்கம். எங்கள் முற்றத்தில் ஒரு பூக்கார ஆயா இருந்தது. கோயம்பேடு மார்க்கெட் வராத காலம் அது. பத்ரியன் தெருவில் பூ வாங்கிவந்து, மறுநாள் காலை வியாபாரத்துக்கு ராத்திரி உட்கார்ந்து கதம்பம் கட்டும். வாசலில் இரும்பு உரசும் சத்தம் கேட்டால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். "டேய், இங்க வாடா. நூலப் புடி."

நான் ஓடிப்போய் நூலின் முனையைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். ஆயா ஒன்றும் கேட்காது. மரிக்கொழுந்து வாசனை, ஈரச் சாக்கு, காடா விளக்கின் புகை. சில சமயம் எண்ணச் சொல்லும்: "எத்தினி மொழம் ஆச்சு?" முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து சொல்வேன். வாய்ப்பாடு ஏறாத பையன் முழக்கணக்கில் ஒரு நாளும் தப்பு செய்ததில்லை. வீட்டுக்குள் சத்தம் அடங்கியதும் "போ, தூங்கு" என்று அனுப்பும்.

இரண்டு வருடத்துக்கு முன் பூக்கடை ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பிளாட்பாரத்தில் ஒரு அம்மா பூக் கட்டிக்கொண்டிருந்தார். நூல் முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டியிருந்தார், கை பாட்டுக்கு வேலை செய்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். பூக் கட்டுவதற்கு நூல் பிடிக்க ஆளே தேவையில்லை! எங்கள் ஆயாவும் மற்ற நாட்களில் கட்டைவிரலில் மாட்டித்தானே கட்டியது? மூன்று பஸ் போய்விட்டது.

ஹவாய்த் தீவுகளில் கவாய் என்ற இடத்தில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார். வறுமை, குடி, சண்டை என்று பல கஷ்டங்கள் சேர்ந்த வீட்டில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, நிலையாக அக்கறை காட்டிய ஒரு பெரியவர். அது பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தாத்தா பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர், டீச்சர், யாராகவும் இருக்கலாம். படித்தபோது எனக்கு மரிக்கொழுந்து வாசனை அடித்தது.

ஆனால் ஆயாவைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. அது ஒரு நாளும் என் அப்பாவைக் கேட்டதில்லை. ஏழு குடும்பத்தில் யாருமே கேட்டதில்லை. "புருஷன் பெண்டாட்டி விஷயம்." என்னைக் கூப்பிட்டுக்கொண்டது, அக்காவைக் கூப்பிடவில்லை. வயசுப் பெண் ராத்திரியில் வெளியே உட்காரக் கூடாதாம். அக்கா இன்றைக்கும் போன் மணி அடித்தால் எடுக்கமாட்டாள்.

மகள் கேட்ட அந்த ராத்திரிக்குப் பிறகு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். போக எனக்கு எட்டு மாதம் பிடித்தது. சென்னைக்காரர்களுக்குக் காரணம் தெரியும். கீழ்ப்பாக்கம் என்ற பெயரையே கேலியாக்கி வைத்திருக்கிறோம். 1794இலேயே சென்னையில் தொடங்கிய மனநல மருத்துவமனை அது, அத்தனை பழமையானது நாட்டில் அதிகம் இல்லை. பெருமைப்பட வேண்டியதை வசவாக்கிவிட்டோம். சரி, நான் போன இடத்தில் சீட்டு வாங்க வரிசை, மருந்துக்கு வரிசை, ஆனால் அந்த உளவியலாளர் அம்மா நாற்பது நிமிடம் பொறுமையாகக் கேட்டார். சத்தம் கேட்டதும் பாதத்தைத் தரையில் அழுத்தி, கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லச் சொன்னார். சிரிப்பாக இருந்தது. ஃபேன், காலண்டர், செருப்பு ஸ்டாண்டு... இரண்டு மாதத்தில் வயிற்றுவலி பாதியாகக் குறைந்தது. ரிமோட் பழக்கம் இன்னும் போகவில்லை.

எல்லாருக்கும் டாக்டர் கிடைப்பார் என்று இருக்க முடியாது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வெளியே மரப் பெஞ்சில் உட்காரவைத்தார். மனச்சோர்வு என்ற வார்த்தையே அவர்கள் சொல்லவில்லை. அவர்கள் மொழியில் 'குஃபுங்கிசிசா', ரொம்ப யோசிக்கிறது என்று அர்த்தம். நம் அம்மாக்களும் இதைத்தானே சொல்வார்கள்? 2016இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடப் பாட்டிகளிடம் பேசியவர்களுக்குக் குணம் நன்றாகத் தெரிந்தது. நம் ஊரில் பாட்டிக்கும் பெஞ்சுக்கும் பஞ்சமில்லை. போனது முற்றம்தான். ஒண்டுக் குடித்தனத்தில் ஒருவர் வீட்டுச் சத்தம் எல்லார் காதிலும் விழும். இப்போது கொளத்தூரில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் கதவைச் சாத்தினால் யார் வீட்டில் என்ன என்று தெரியாது.

தெரிய வந்தது ஒரு பையனால். அடையாளம் தெரியாதிருக்கச் சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். மாடியிலிருந்து இறங்கி வந்து படிக்கட்டில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மேலே பாத்திரம் விழும் சத்தம் கேட்கும். நான் மோட்டார் ரூம் பக்கத்தில் ஒரு கேரம் போர்டு போட்டேன். எங்கள் வடசென்னைக்காரர்களுக்கு கேரம் என்றால் உயிர். 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா எங்கள் வண்ணாரப்பேட்டைப் பக்கத்து ஆட்டோ ஓட்டுநரின் மகள். "தம்பி, ஒரு ஆள் குறையுது, வா" என்றேன். ஆள் குறையவில்லை.

அசோசியேஷன் கூட்டத்தில் லைட்டு பில், சத்தம், அடுத்த வீட்டு விஷயம் என்று எல்லாம் வந்தது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: தினமும் ஏழிலிருந்து ஒன்பது வரை விளக்கும் போர்டும் இருக்க வேண்டும், யாராவது ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்க வேண்டும். சொற்பொழிவு, யோகா, விழிப்புணர்வு பேனர் எதுவும் வேண்டாம். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியது, நேற்று இருந்தது இன்றும் இருக்கும் என்பது மட்டுமே. பெண் பிள்ளைகளும் வரலாம் என்பதை மட்டும் சத்தம் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது. ரிட்டயர்டான மூன்று பேர் முறை வைத்து உட்காருகிறார்கள். அதில் ஒருவர் மகா அழுகுணி ஆட்டக்காரர், அதுவும் பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது.

போர்டு மட்டும் போதுமா என்றால் போதாது. ஒரு ராத்திரி சத்தம் அளவு மீறியபோது என் மனைவி 1098க்குப் போன் செய்துவிட்டாள். அது குழந்தைகளுக்கான உதவி எண், யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். இரண்டு பேர் வந்து அந்தப் பெற்றோரிடம் பேசிவிட்டுப் போனார்கள், பிறகும் வந்து பார்த்தார்கள். பையனின் அப்பா நான்கு மாதம் எங்களிடம் பேசவில்லை. பரவாயில்லை. எங்கள் முற்றத்தில் ஏழு குடும்பம் செய்யாததை அவள் ஒரு போனில் செய்தாள்.

பெரியவர்களுக்கு: 14416 மத்திய அரசின் டெலி மானஸ், தமிழிலும் பேசுவார்கள், கட்டணமில்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகாவை 044 24640050இல் கூப்பிடலாம். நான் ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறேன், அதைப் பற்றி எழுத இன்னும் மனசு வரவில்லை.

அந்தப் பையன் போன வாரம் முழுக்கக் கீழே வரவில்லை. பரீட்சை என்றான் லிஃப்டில் பார்த்தபோது, மூக்கைச் சொறிந்துகொண்டே. நிஜமாகவும் இருக்கலாம். மணி ஆறே முக்கால் ஆகிறது, இன்றைக்கு என் முறை. பவுடர் டப்பா காலி, முனைக் கடையில் வாங்கிக்கொண்டு போய் போர்டைப் போட வேண்டும்.