சுமார் என்றால் எவ்வளவு?

கேள்வி: ‘அரசாங்க விஷயத்தில் உங்கள் பேச்சு எந்த அளவுக்கு எடுபடும்?’ என்ற கேள்விக்கு, மெக்சிகோக்காரர்களைவிடச் சீனர்கள் தங்களுக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டார்களாமே! அப்படியென்றால் சர்வே எல்லாம் பொய்தானே? (வாசகி, மணப்பாறை)

பதில்: பொய் இல்லையம்மா, ஆளுக்கொரு படியில் அளக்கிறார்கள். 18 வருஷம் படிவத்தோடு வீடு வீடாக ஏறியவள் நான். சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு ஒரு பாட்டி, “எனக்கென்ன கண்ணு, நல்லாத்தான் இருக்கேன்” என்றார். பக்கத்து வீட்டுப் பையன் சளிக்கே ‘மோசம்’ என்றான். இருவர் சொன்னதையும் அப்படியே டிக் அடித்தேன். அதைக் கூட்டி யாரோ சராசரி எடுத்திருப்பார்கள்.

நீங்கள் சொல்வது அமெரிக்க அரசியல் ஆய்வாளர் கேரி கிங் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு. மெக்சிகோ, 71 வருஷம் ஆண்ட கட்சியை 2000இல் ஓட்டுப்போட்டு இறக்கிய நாடு. அதைவிடச் சீனா மேலே வந்தது இடிக்கவே, ஆய்வாளர்கள் சும்மா விடவில்லை. குடிக்க நல்ல தண்ணீர் இல்லாத சில கற்பனை ஆட்களைப் பற்றிக் கதை சொன்னார்கள். ஒருத்தி அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து எதிர்க்கட்சி வேட்பாளரை ஆதரிக்கிறாள். இன்னொருவனுக்கு ஓட்டே இல்லை. வாயை மூடிக்கொண்டு கஷ்டப்படுகிறான். ‘இவர்கள் பேச்சு எவ்வளவு எடுபடும்?’ என்று அதே மதிப்பெண்ணில் கேட்டார்கள். அந்த ஆட்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வரிசை தலைகீழானது: மெக்சிகோ மேலே, சீனா கீழே.

ஒரு சிக்கல், பேட்டி நீளும். எங்களுக்கெல்லாம் அரை மணி தாண்டினாலே “அடுப்புல பால் இருக்கு” என்று எழுந்துவிடுவார்கள்.

கேள்வி: ஆங்கில சர்வே படிவத்தைத் தமிழில் எழுதியபின் மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தால் தப்பு தெரிந்துவிடாதா? (வாசகர், தேனி)

பதில்: எல்லாத் தப்பும் தெரியாது. ‘சுமார்’ என்று வர வேண்டிய இடத்தில், ஆங்கில ‘ஃபேர்’ என்பதற்கு ‘நியாயம்’ என்று ஒருமுறை அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். “உடம்பு நியாயமாக இருக்கிறதா?” என்று நான் கேட்க, “அதுல என்னம்மா நியாயம், அநியாயம்?” என்றார் ஒரு பெரியவர். திருப்பி மொழிபெயர்த்தால் அது அச்சு அசலாக ‘ஃபேர்’ என்றே வந்து நிற்கும்! ஸ்பானிஷில் அந்த இடத்தில் ‘ரெகுலர்’ என்று போடுவார்கள். அது ‘பரவாயில்லை’ பக்கம் சாயும் சொல். அதைச் சொன்னவர்களையும் ‘ஃபேர்’ என்றதாகவே எடுத்துக்கொண்டு உடம்பு சரியில்லாதவர்கள் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

2002இல் தொடங்கிய ஐரோப்பிய சமூக சர்வேயில் இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்ப்பார்கள். அப்புறம் உட்கார்ந்து சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வருவார்கள். பிறகு நாலு பேரிடம் கேட்டுப் பார்ப்பார்கள். எங்கள் படிவத்தை முன்னாலேயே அந்தப் பெரியவரிடம் காட்டியிருந்தால் அச்சுக்கூலியாவது மிஞ்சியிருக்கும்.