இருபது ரூபாய் சொன்ன வீட்டுக்குக் குளம் வேண்டாமா?

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் எங்கள் ஊர். குளத்தில் அமலைச்செடி மண்டிவிட்டது. சுத்தம் செய்து பராமரிக்க மாதம் எவ்வளவு தருவீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டோம். வயல்காரர்கள் 500 ரூபாய் வரை சொன்னார்கள். பீடி சுற்றும் வீடுகளில் 20-ஐத் தாண்டவில்லை. சராசரி ரொம்பக் குறைவு. ஊருக்குக் குளத்தின் அருமை தெரியவில்லை என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. நீங்கள் அளந்ததில் குளத்தின் அருமையோடு மடியில் இருக்கும் காசும் கலந்திருக்கிறது.

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். வருமானம் நாலு மடங்கானால், குளத்துக்குத் தர நினைக்கும் தொகை இரண்டு மடங்காகிறது என்று வையுங்கள். மாதம் 10,000 வரும் இரண்டு வீடுகள் ஆளுக்கு 100 ரூபாய் சொன்னால் மொத்தம் 200. அதே 20,000 ஒரு வீட்டுக்கு 18,000, இன்னொன்றுக்கு 2,000 என்று பிரிந்தால்? முதல் வீடு சுமார் 134 சொல்லும், அடுத்தது 45. மொத்தம் 179. ஊரின் வருமானம் குறையவில்லை, குளமும் மாறவில்லை. ஏற்றத்தாழ்வு மட்டும் கூடியதில் குளத்தின் ‘மதிப்பு’ இறங்கிவிட்டது. வருமானம் கூடும் வேகத்தில் தரும் தொகை கூடாதவரை இப்படித்தான் ஆகும் என்று ஜெர்மன் பொருளியலாளர் பாம்கார்ட்னரும் அவர் குழுவும் 2017-ல் நிறுவினார்கள்.

அதனால் மறுபடி போய், மூன்று விஷயம் கேளுங்கள். வீட்டு வருமானம் என்ன? 1,000 ரூபாயில் 20 என்பதும் 50,000-ல் 500 என்பதும் ஒன்றல்ல. முன்னது இரண்டு சதவீதம், பின்னது ஒன்று. அடுத்து, வருஷத்தில் எத்தனை நாள் வேலைக்கு வருவீர்கள்? இதுதான் முக்கியம். குடிமராமத்து நம் பக்கம் ஆள் கணக்கில் நடந்த வேலை. “ரூவாய்க்கு எங்க தம்பி போக? ரெண்டு நாள் வந்து மண்ணு சுமக்கேன்” என்று ஓர் அக்கா சொன்னால் அதை அப்படியே எழுதுங்கள். பீடி சுற்றுகிறவருக்கு ஒரு நாள் வேலை போனால் அன்றைய கூலி போச்சு. அதையும் விட்டு வருகிறேன் என்பவரா அருமை தெரியாதவர்? கடைசியாக, குளமே இல்லாமல் போனால் எதை இழப்பீர்கள்? ஆடு தண்ணீர் குடிக்கும் இடம், துணி துவைக்கும் படித்துறை, கோரை, மீன் என்று நிறைய வரும்.

நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்கள். அதற்கு யாரும் ரசீது எழுதுவதில்லை.

கூட்டத்தில் பணத்தையும் ஆள் நாட்களையும் தனித்தனிப் பத்தியாகக் காட்டுங்கள். பீடி வீடுகளின் ஆள் கணக்கை முதலில் வாசியுங்கள்.