ரொகோகோ (18ம் நூற்றாண்டு ஐரோப்பாவோட நளினமான அலங்காரக் கலை பாணி) காலத்து சிற்பிகள்ல உங்களுக்கு ரொம்ப பிடிச்சவர் யாரு, ஏன்?

எனக்கு எத்தியென் மோரிஸ் ஃபால்கோனே தான். நான் பவுண்டரில, அதாவது உலோகம் உருக்கி வார்க்கிற பட்டறைல வேலை பாக்குறவன், கலை வரலாறெல்லாம் முறையா படிச்சதில்ல, இவரோட வெண்கல வார்ப்பு கதையை படிக்கப்போய் தான் மத்த வேலைகளையும் தேடிப் பாக்க ஆரம்பிச்சேன்.

1716ல பாரிஸ்ல ஏழை வீட்ல பிறந்தவர், தச்சு வேலைக்கு விட்ட பையன், ஓய்வு நேரத்துல அவர் பிடிச்ச களிமண் பொம்மைகளை பாத்துட்டு லெமுவான்ங்கிற சிற்பி சிஷ்யனா சேத்துக்கிட்டார். 1757ல பிரெஞ்சு மன்னர் பதினஞ்சாம் லூயியோட காதலி மேடம் பொம்பதூருக்காக செஞ்ச குட்டி மன்மதன் சிலை இப்போ பாரிஸ் லூவர் மியூசியத்துல இருக்கு. ஒரு விரலை உதட்டு மேல வச்சு 'உஷ், யார்கிட்டயும் சொல்லாதே'ங்கிற மாதிரி நம்மள பாக்கும், இன்னொரு கை சத்தமில்லாம அம்பை உருவிட்டு இருக்கும். அதே வருஷம் செவ்ர் பீங்கான் பேக்டரில சிற்பப் பிரிவுக்கு தலைவரா போய், மேஜை மேல வைக்கிற சின்னச்சின்ன வெள்ளை பொம்மைகளுக்கு 9 வருஷம் மாடல் செஞ்சு குடுத்தார்.

அப்படிப்பட்ட ஆளை பிரெஞ்சு எழுத்தாளர் தீதரோ சிபாரிசுல ரஷ்ய ராணி ரெண்டாம் கேத்தரின் 1766ல கூப்பிடுறாங்க, எதுக்குன்னா பீட்டர் மன்னருக்கு பிரம்மாண்டமான குதிரை சிலை செய்ய! குதிரை முன்னங்கால் ரெண்டையும் தூக்கி நிக்கணும், மொத்த பாரமும் பின்னங்கால்லயும் வால்லயும் தான். அதனால முன்பக்கம் வெண்கலம் மெல்லிசாவும் பின்பக்கம் கனமாவும் வரணும், வார்க்கிறவங்களுக்கு தான் தெரியும் இது எவ்ளோ பெரிய தலைவலின்னு. 1775ல ஊத்தும்போது உருகின வெண்கலம் வெளிய பீறிட்டு பட்டறையே தீப்பிடிச்சுது. நாங்க இதை ரன் அவுட்னு சொல்லுவோம், சின்ன அளவுல நடந்தாலே வயித்தை கலக்கும். எல்லாரும் ஓட, கைலோவ்ங்கிற ரஷ்ய வார்ப்புக்காரர் மட்டும் நின்னு சமாளிச்சதால பெரும்பகுதி தப்பிச்சுது, கெட்டுப்போன மேல் பாகத்தை 1777ல திரும்ப வார்த்தாங்க. எத்தனை வருஷ உழைப்பு அந்த குழிக்குள்ள இருந்துச்சுன்னு நினைச்சா அந்த நாளை என்னால சாதாரணமா கடந்து போக முடியல.

பீடத்துக்கு கிட்டத்தட்ட 1,500 டன் பாறைய வெண்கல குண்டு மேல உருட்டி கொண்டு வந்தது தனிக் கதை, அதை எல்லாரும் எழுதிட்டாங்க.

எனக்கு முக்கியமா படுறது பீட்டரோட முகம். ஃபால்கோனே செஞ்ச தலை ராணிக்கு பிடிக்கல, கூட வந்திருந்த சிஷ்யை மரி ஆன் கொல்லோ தான் அதை செஞ்சு முடிச்சாங்க, ரஷ்யாவுக்கு வந்தப்போ அந்த பொண்ணுக்கு வயசு 18. தலை அவங்க செஞ்சதுன்னு ஃபால்கோனே மறைக்காம சொன்னார். பட்டறைல கத்துக்குட்டி செஞ்ச வேலை மேஸ்திரி பேர்ல போறதை நிறைய பாத்திருக்கேன், அதனால தான் இவர் மேல எனக்கு இவ்ளோ மரியாதை.

அதிகாரிகளோட மனஸ்தாபம் முத்தி 1778ல ரஷ்யாவை விட்டு கிளம்பிட்டார். 1782ல சிலையை திறந்தப்போ அவர் அங்க இல்ல. அடுத்த வருஷமே பக்கவாதம் வந்து படுத்துட்டார், 1791ல இறக்குற வரைக்கும் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டது அதே கொல்லோ தான், அதுக்குள்ள அவர் மகனை கட்டிக்கிட்டு மருமகளா ஆகியிருந்தாங்க.