மினிமம் டியூ கட்டியும் கடன் இறங்கவில்லையே?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து ஆர்டர் குறைந்து, பாதிச் சம்பளம்தான் வருகிறது. கிரெடிட் கார்டில் 1,20,000 ரூபாய் பாக்கி. மினிமம் டியூ (மாதம் கட்டியாகவேண்டிய குறைந்தபட்சத் தொகை) 6,000 தவறாமல் கட்டியும் கடன் இறங்கக் காணோம். ஏன்?

பதில்: இறங்குகிறது, எறும்பு ஊர்கிற வேகத்தில். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,20,000-க்கு 4,200 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 756. நீங்கள் கட்டும் 6,000-ல் 4,956 இதற்கே போய்விட, அசலில் கழிவது வெறும் 1,044. இந்த நிலையில் பால் பாக்கெட்டுக்குக் கார்டைத் தேய்த்தாலும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பழைய பாக்கி முழுதாகத் தீரும்வரை வட்டியில்லா நாட்கள் கிடையாது. கார்டைப் பீரோவில் வைத்தால் மட்டும் போதாது. ஓடிடி சந்தா, கரண்ட் பில் என்று அதில் தானாகக் கழிகிற ஆட்டோபே அத்தனையையும் நிறுத்துங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

அடுத்து, ஒரு மாதம்கூடத் தவறுவதற்கு முன்பே வங்கியிடம் பேசி பாக்கியை இஎம்ஐ ஆக்கக் கேளுங்கள். ஆண்டுக்கு 18 சதவீதம், 24 மாதம் என்று கிடைத்தால் தவணை சுமார் 5,990. வட்டிக்கான ஜிஎஸ்டியோடு முதல் மாதம் 6,315 வரை வரும், பிறகு குறையும். ஏறக்குறைய அதே ஆறாயிரம்தான். ஆனால் இரண்டே வருடத்தில் கடன் அடைந்துவிடும். பிராசசிங் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்பதை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக்கடனுக்கு இதைவிட வட்டி குறைவு. இன்னொரு கார்டில் ரொக்கம் எடுத்து இதை அடைப்பது மட்டும் ஆகவே ஆகாது: எடுத்த நாளிலிருந்தே வட்டி, தனியாகக் கட்டணம் வேறு.

கேள்வி: நாலு மாதமாகக் கார்டு பாக்கி கட்டவில்லை. ‘70,000 கொடுங்கள், செட்டில் பண்ணிவிடலாம்’ என்கிறார் வங்கியின் வசூல் ஏஜென்ட். கொடுக்கலாமா?

பதில்: அவர் கையில் ஒரு பைசா கொடுக்காதீர்கள். தொகை, கடைசித் தேதி, மீதி தள்ளுபடி என்கிற மூன்றும் உள்ள கடிதம் வங்கியிடமிருந்து வரட்டும். பிறகு கார்டு கணக்கிலேயே கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றிதழும் வாங்குங்கள். ஆனால் ஒன்று, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘குளோஸ்டு’ (முழுதாக அடைத்தது) என்று வராது, ‘செட்டில்டு’ (குறைத்துக் கட்டி முடித்தது) என்றுதான் நிற்கும். பின்னால் வீட்டுக்கடன் கேட்டுப் போனால் இடிக்கும்.

கேள்வி: கார்டு பாக்கிக்காக வசூல் ஏஜென்ட்கள் ராத்திரி 9 மணிக்குக் கூப்பிடுகிறார்கள். மாமனார் வீட்டுக்கும் போன். ‘போலீஸ் வரும்’ என்று மிரட்டல்.

பதில்: காலை 8-க்கு முன்பும் இரவு 7-க்குப் பிறகும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது, குடும்பத்தாரைத் தொந்தரவு செய்யவும் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. தேதி, நேரம், எந்த எண் என்று குறித்துவைத்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி) போகலாம், கட்டணம் இல்லை. கையில் பணமில்லாமல் பாக்கி நிற்பது சிவில் விவகாரம், அதற்குக் கைது கிடையாது. ஆனால் மிரட்டலுக்குப் பயந்து செக் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அது பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் குற்ற வழக்கே போடலாம்.