ஸ்கேனர் ஓடவில்லையா, முதலில் குமிழைத் திருப்புங்கள்

பழைய ரேடியோ ஸ்கேனர்கள், அதாவது பல சேனல்களை ஒவ்வொன்றாகத் தாவிப் பார்த்து, யாராவது பேசும் இடத்தில் நின்று கேட்கவைக்கும் ரிசீவர் பெட்டிகள் பற்றி வந்த கேள்விகள் இந்த முறை.

கேள்வி: 8 சேனல் க்ரிஸ்டல் ஸ்கேனர் (ஒவ்வொரு சேனலின் அலைவரிசையையும் ஒரு க்ரிஸ்டல் துண்டு நிர்ணயிக்கும் வகை) ஒன்று பழைய சாமான்களோடு கைக்கு வந்தது. சுவிட்ச் போட்டால் முதல் சேனல் விளக்கு மட்டும் எரிகிறது, ஸ்பீக்கரில் 'உஸ்' என்று ஓயாத இரைச்சல், விளக்கு அடுத்த சேனலுக்கு நகர மாட்டேன் என்கிறது. கொடுத்தவர் ஐ.சி. போய்விட்டது என்கிறார். கெபாசிட்டர்களையெல்லாம் மொத்தமாக மாற்றிவிடட்டுமா சார்?

வேண்டாம், சால்டரிங் அயனைக் கீழே வையுங்கள். அந்த 'உஸ்' சத்தத்திலேயே பாதி பதில் இருக்கிறது. ஒரு சேனலில் நிற்பதா, அடுத்ததற்குத் தாவுவதா என்று முடிவு செய்வது ஸ்க்வெல்ச் சர்க்யூட்தான். எஃப்.எம். ரிசீவரில் யாரும் பேசாதபோது இரைச்சல் கத்தும், யாராவது பேச ஆரம்பித்ததும் அது அடங்கிவிடும், ஸ்க்வெல்ச் அளப்பது பேச்சை அல்ல, பேச்சொலிக்கு மேலே இருக்கும் அந்த உயர்ந்த இரைச்சலைத்தான். இரைச்சல் பலமாக இருந்தால் 'இங்கே ஆள் இல்லை' என்று ஸ்பீக்கரை அடைத்துவிட்டு அடுத்த சேனலுக்குப் போகச் சொல்லும். ஸ்க்வெல்ச் குமிழ் முழுக்கத் திறந்த நிலையில் இருந்தால் எப்போதும் ஆள் பேசுவதாகவே நினைத்துக்கொண்டு பெட்டி அங்கேயே நிற்கும். ஸ்கேன் ஆகவில்லை என்று ஓரங்கட்டப்பட்ட பெட்டிகளில் கணிசமானவை இந்தக் கதைதான்.

ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு ஸ்க்வெல்ச் குமிழை மெதுவாக வலப்பக்கம் திருப்பிப் பாருங்கள். எங்காவது ஓரிடத்தில் இரைச்சல் சட்டென்று நின்று விளக்குகள் ஓட ஆரம்பித்தால் வேலை முடிந்தது. திருப்பும்போது கரகரவென்று வந்து, நின்றும் நிற்காமலும் ஆட்டம் காட்டினால் குமிழுக்குப் பின்னால் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் அழுக்கு. காண்டாக்ட் க்ளீனரைக் கொஞ்சமாக உள்ளே அடித்து, இரண்டு பக்கமும் பல தடவை திருப்புங்கள். கடைசி வரை திருப்பியும் இரைச்சல் நிற்கவே இல்லையென்றால்தான் அந்தப் பகுதியின் சின்ன எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களைச் சந்தேகப்பட வேண்டும். இரைச்சல் நின்றும் விளக்கு நகரவில்லை என்றால் சேனல் பொத்தான்கள் லாக்-அவுட்டில் (அந்தச் சேனலைத் தவிர்த்துவிடும் நிலையில்) இருக்கின்றனவா, கையால் நிறுத்தி ஓட்டும் சுவிட்ச் அழுத்தியபடியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம் லாஜிக் சிப்புகளுக்குப் போகும் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். ஐ.சி.யைப் பற்றிய பேச்சு அதற்கும் பிறகு.

ஒரே ஒரு கெஞ்சல். போர்டில் சதுர உலோக டப்பாக்கள் இருக்கும், தலையில் சின்னத் திருகோடு. அவை ஐ.எஃப். காயில்கள், வரும் சிக்னலை ரிசீவர் உள்ளே மாற்றிக்கொள்ளும் இடைநிலை அலைவரிசைக்கு (அதுதான் ஐ.எஃப்.) டியூன் செய்தவை. சத்தம் குறைவாக இருக்கிறதே என்று அவற்றைத் திருகாதீர்கள். சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் அந்த அலைன்மென்ட்டைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு, உலோக ஸ்க்ரூ டிரைவர் பட்டால் உள்ளே இருக்கும் ஃபெரைட் துண்டு உடைந்தே போகும். பழைய பெட்டி வாங்கும்போது நான் மூடியைக் கழற்றி முதலில் பார்ப்பது இதைத்தான். திருகின் மேல் இருக்கும் மெழுகு உடையாமல் இருந்தால் யாரும் கை வைக்கவில்லை என்று நம்பலாம். செத்துக் கிடக்கும் பெட்டியைக்கூட வாங்குவேன், யாரோ 'சரி செய்து' பார்த்த பெட்டியை வாங்க மாட்டேன்.

கேள்வி: க்ரிஸ்டல் மேல் 156.800 என்று எழுதியிருக்கிறது. ஃப்ரீக்வென்சி கவுன்ட்டரில் அளந்தால் 48.7 வருகிறது. க்ரிஸ்டல் கெட்டுவிட்டதா?

நன்றாகவே இருக்கிறது. மேலே எழுதியிருப்பது நீங்கள் கேட்கப்போகும் அலைவரிசை, க்ரிஸ்டல் அதிரும் அலைவரிசை அல்ல. இந்த வகை ஸ்கேனர்கள் பலவற்றில் ஐ.எஃப். 10.7 மெகாஹெர்ட்ஸ். வி.எச்.எஃப். மேல்பகுதியில் கேட்க வேண்டியதிலிருந்து 10.7-ஐக் கழித்து மூன்றால் வகுத்தால் க்ரிஸ்டலின் கணக்கு வரும்: 156.8-இல் 10.7 போனால் 146.1, அதில் மூன்றில் ஒரு பங்கு 48.7. உங்கள் கவுன்ட்டர் சொன்னதும் அதேதான். எல்லா மாடலும் இதே கணக்கில் ஓடாது, அதனால் புதிதாக வெட்டித் தரச் சொல்வதற்கு முன் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். வெட்டித் தருபவர்கள் இப்போது மிகக் குறைவு.

அப்புறம், 156.8 என்பது கடல் வி.எச்.எஃப். சேனல் 16, கப்பல்கள் ஆபத்துக்கும் அழைப்புக்கும் பயன்படுத்துவது. உங்களுக்கு முன் அந்தப் பெட்டியை வைத்திருந்தவருக்குக் கப்பல்மேல் ஒரு கண் இருந்திருக்கிறது. வாங்கும் பெட்டியின் க்ரிஸ்டல்களை எடுத்து எறியாமல் அப்படியே குறித்து வைப்பது எனக்குப் பழக்கம், போலீஸா, தீயணைப்பா, வானிலையா, யாரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி. பின்னால் 120 வோல்ட் என்று போட்டிருக்கிறது. நேராகச் செருகலாமா?

உங்கள் வீட்டில் 220, 230 வோல்ட் என்றால் கூடவே கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கம் காருக்கான 12 வோல்ட் இணைப்பு இருக்கிறதா பாருங்கள், மேசைமேல் வைக்கும் ஸ்கேனர்கள் பலவற்றில் உண்டு. நான் புதிதாக வந்த பெட்டியை எப்போதும் அந்த வழியாகத்தான் முதலில் உயிர்ப்பிப்பேன், கரன்ட் அளவைக் கட்டுப்படுத்தக்கூடிய பவர் சப்ளையோடு. ப்ளஸ், மைனஸ் மாறிவிடாமல் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நினைவகத்துக்கான பேட்டரி உள்ளேயே கசிந்து, போர்டில் பச்சையும் வெள்ளையுமாகப் படிந்திருக்கிறது. காப்பாற்ற முடியுமா?

பெரும்பாலும் முடியும், அவசரப்படக் கூடாது. ஆல்கலைன், நிக்கல்-காட்மியம் இரண்டிலும் கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அது காரம். பஞ்சுக்குச்சியை வெள்ளை வினிகரில் நனைத்து, படிந்த இடத்தில் மட்டும் ஒற்றுங்கள், லேசாக நுரைக்கும். நுரை அடங்கியதும் டிஸ்டில்டு வாட்டரால் துடைத்து, அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அதற்கப்புறம்தான் உண்மையான வேலை. மேல்பூச்சின் அடியில் செம்புத் தடம் கறுத்துப்போய், பார்வைக்கு முழுதாக இருந்தாலும் உள்ளே அறுந்திருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தபடி மல்டிமீட்டரின் கன்டினியூட்டியில் (தடம் அறாமல் இருந்தால் 'பீப்' அடிக்கும் நிலை) ஒவ்வொரு தடமாகத் தொட்டுப் போங்கள். சத்தம் வராத இடத்தில் மெல்லிய கம்பியைச் சால்டர் செய்து பாலம் போடுங்கள். பேட்டரி கம்பி வழியாகவும் கசிவு ஏறியிருக்கும், உறையை உரித்தால் செம்பு கறுப்பாக இருக்கும், சால்டர் ஒட்டவே ஒட்டாது. அந்தக் கம்பியை முழுசாக மாற்றிவிடுங்கள். புதுப் பேட்டரியைப் போர்டுக்குப் பக்கத்திலேயே வைக்காமல் நீளக் கம்பி விட்டுத் தள்ளி வைத்தால் அடுத்த முறை கசிந்தாலும் போர்டு தப்பிக்கும்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். ரியலிஸ்டிக் ப்ரோ-2004-இல் ஒரு டையோடை வெட்டினால் செல்போன் பேச்செல்லாம் கேட்குமாமே?

தம்பி, இது 1980களின் வதந்தி, அப்போது உண்மையாகவும் இருந்தது. அந்த ஸ்கேனரில் செல்போன் பகுதியை மறைத்து வைத்தது ஒரு டையோடுதான், அதை வெட்டிவிட்டால் திறந்துகொள்ளும். அமெரிக்காவில் 1986-இலேயே செல்போன் பேச்சை ஒட்டுக்கேட்பது சட்டவிரோதமானது, 1994-இலிருந்து அந்தப் பகுதி கேட்கும் ஸ்கேனர்களைத் தயாரிக்கவும் இறக்குமதி செய்யவும் தடை வந்தது. அதெல்லாம் அனலாக் காலத்துச் சங்கதி. 2008 பிப்ரவரிக்குப் பிறகு அங்கே அனலாக் செல்போன் சேவையைத் தொடர வேண்டிய கட்டாயமே நிறுவனங்களுக்கு இல்லை, அதுவும் போய்விட்டது. இன்றைய போன் டிஜிட்டல், மறையாக்கம் செய்தது. டையோடை வெட்டி நீங்கள் கேட்கப்போவது இரைச்சலை மட்டும்தான். வெட்டாத டையோடோடு இருக்கும் பெட்டிதான் சேகரிப்புக்கு அழகு, விட்டுவிடுங்கள்.

கேள்வி: எல்லாம் டிஜிட்டலான பிறகு இந்தப் பெட்டிகளில் கேட்க என்ன இருக்கிறது?

விமானம், கப்பல், அமெச்சூர் ரேடியோ. விமானப் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, இன்னமும் ஏ.எம்.தான். ஆனால் பழைய ஸ்கேனர்கள் பலவற்றில் எஃப்.எம். மட்டுமே உண்டு, வாங்குவதற்கு முன் ஏ.எம். இருக்கிறதா என்று கேளுங்கள். யாருடைய பேச்சைக் கேட்கலாம் என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். பிரிட்டனில் பெட்டியை வைத்திருக்கலாம், ஆனால் உங்களுக்காகச் சொல்லப்படாத செய்தியை அனுமதியின்றிக் கேட்பது குற்றம். சில இடங்களில் பெட்டியை வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டும். உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிட்டு ஆன்டெனாவை மாட்டுங்கள்.

கேள்வி: சேகரிக்க ஆரம்பிக்கிறேன். எதில் தொடங்கலாம்?

க்ரிஸ்டல் வகையில். உள்ளே பாகங்கள் பெரிது, கண்ணால் பார்த்தே பின்தொடரலாம். ஆனால் எனக்குத் தனி ஆசை பேர்கேட் 101 என்ற ஸ்கேனர் மேல். 16 சேனல், க்ரிஸ்டலே கிடையாது, வரிசையாக இருக்கும் குட்டி சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி, கூடவே வந்த கோட் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு அலைவரிசையையும் இரும எண்ணாகப் போட வேண்டும். கோட் புத்தகம் இல்லாமல் விற்கிறார்கள் என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். முகப்பைத் துடைக்க ஆல்கஹாலோ தின்னரோ வேண்டாம், அச்சிட்ட எழுத்து கையோடு வந்துவிடும், ஈரத்துணியும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும்.